உள்ளறையில் அடைபட்ட திசைகாட்டிக்காரர்

கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் போனவர். என் வீட்டுக்காரர் விட்டுப்போன பித்தளைத் திசைகாட்டிக்கு ஆயுத பூஜைதோறும் சந்தனப் பொட்டு வைப்பேன்.

பழைய பட்டாளத்துச் சாமான் சேர்க்கும் ஒருவர் வேலூரிலிருந்து வந்தார். "பொட்டு வெச்சி வெச்சி மூடி இறுகிப்போச்சி ஆயா. சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றார். நம்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தது பளபளத்தது. ஆனால் எப்படித் திருப்பினாலும் முள் அசையவில்லை; அடியில் இருந்த பட்டாள முத்திரையும் இல்லை. போலியை வைத்துவிட்டு அசலை அமுக்கிக்கொண்டார் என்று புரிந்தது. நான் அழவில்லை. டிரங்குப் பெட்டியில் இன்னொன்று கிடைத்ததாகப் போன் செய்தேன். ஓடி வந்தார். உள்ளறையில் பெட்டியைத் திறக்கக் குனிந்தவரை அப்படியே விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"இன்னா ஆயா இது? கதவைத் தொற!"

போலியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டேன். "நீ குடுத்ததுதான். வடக்கு எந்தப் பக்கம்னு அதைப் பாத்துச் சொல்லு, தொறக்கறேன்."

தெருவே கூடிச் சிரித்தது. அவர் போனில் கெஞ்ச, அவர் மனைவி அசலைக் கொண்டுவந்து என் கையில் வைத்த பிறகுதான் திறந்தேன்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் என் கையில் பிடித்தபடிதான் காட்டுகிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்த ஆளுக்கு இடது கன்னத்தில் மச்சம், வாய் நிறைய "ஆயா, ஆயா" என்பார். உங்கள் ஊருக்கு வந்தால் உள்ளறையைக் காட்டுங்கள்.