காசிமுக்கு நான் வாசிக்காத பொருள்

ஒரு சொல்லின் பாதியை என் நண்பனிடமிருந்து மறைத்தேன். மறதியால் அல்ல... அறிந்தே மறைத்தேன்!

அறுபதுகளில், மேற்கு ஜேர்மனியில் இயந்திரத் தொழில் பயில எங்கள் பகுதிக்கு ஒரேயோர் இடம் வந்தது. நானும் காத்தான்குடிக் காசிமும் விண்ணப்பித்தோம். பரீட்சையில் ஜேர்மன் மொழியும் கேட்பார்கள்; அதற்கான அகராதி என்னுடையது. அவனுக்கோ பகல் முழுவதும் தறி. ஆகவே நான் தறியருகே இருந்து வாசிப்பேன். அவன் நெய்தபடியே திருப்பிச் சொல்வான். ஒருமுறை கேட்டால் அவனுக்குப் பதிந்துவிடும். எனக்கு...?

“என்ன மச்சான், புத்தகத்தப் பாத்தும் தடுமாறுறாய்? மறுகா ஒருக்காச் சொல்லு!” என்று சிரிப்பான்.

அந்தச் சிரிப்புத்தான் காரணமா? இல்லை, பழியை அவன் மேல் போடக்கூடாது. இடம் ஒன்று, அது எனக்கு வேண்டும். அவ்வளவுதான்!

அன்று வந்த சொல் ‘முட்டர்’. “தாய்” என்று வாசித்தேன். கீழேயே இன்னொரு பொருள் இருந்தது: திருகாணியில் முடுக்கும் நட்டு. இயந்திரம் படிக்கப் போகிறவனுக்கு எது தேவை? நீங்களே சொல்லுங்கள்!

“வேற கருத்து இரிக்கா?”

“இல்ல,” என்றேன். பக்கத்தைப் புரட்டினேன்.

கொழும்பில் நேர்முகப் பரீட்சை. இயந்திரம் பூட்டும் குறிப்பொன்றை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். தாயை நன்றாக முடுக்க வேண்டும் என்றானாம் காசிம். அறையே சிரித்ததாம். அதன்பின் அவனுக்கு நாக்கு எழவில்லை. இடம் எனக்குக் கிடைத்தது.

“எனக்கு மூள பத்தாது மச்சான். நீ போயிட்டு வா,” என்று பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினான். அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை!

எழுபதுகளில் ஊர் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன்... அவன் மெதுவாகக் கேட்டான்:

“அப்ப நான் மொக்கன் இல்லையா?”

உள்ளே அவனுடைய தம்பி நெய்துகொண்டிருந்தான். காசிம் அவனைக் காட்டினான்.

“எங்கட குடும்பத்துக்குப் படிப்பு ஏறாதெண்டு நான்தானே இவனப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டின?”

நான் கெடுத்தது ஒருவனை என்றல்லவா இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்!

“நான் படிப்பிக்கிறன். நாளைக்கே வாறன்,” என்று கெஞ்சினேன்.

காசிம் தலையசைத்து மறுத்தான்.

“நீ வாசிக்கிறத இனி இவன் எப்பிடி மச்சான் நம்புற?”

அதற்குப் பிறகும் வழியில் கண்டால் அவன் என்னைச் சுகம் விசாரிப்பான். தம்பி மட்டும் என்னோடு பேசியதே இல்லை. அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது...