கிரேஸின் மணிக்கட்டும் ஏகாம்பரத்தின் இரும்புக் கையும்

1. திரும்பிக்கொண்ட உளி

மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கிரேஸ் முதன்முறையாக லேத்தின் முன் வந்து நின்ற காலையில், ஜாடியைக் குடையும் நீண்ட உளி அவருடைய கைக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. சுழன்றுகொண்டிருந்த வாகைக்கட்டையின் விளிம்பு பிளந்து தெறித்தது. கிரேஸ் முகக்கவசம் அணிந்திருந்தார். கட்டையின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. அதனால் காயம் ஏதும் இல்லை. ஆனால் லேத்தை நிறுத்திவிட்டுத் தம் வலக்கையை அவர் பார்த்த விதத்தை, அருகில் நின்ற நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய மரக்கடைசல் பட்டறை ஒன்றில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். சுற்றிலும் காலணித் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. எங்கள் பட்டறையும் அவற்றை நம்பியே இயங்கியது. தோலைத் தட்டும் மரச்சுத்தி, குத்தூசிக்குக் கைப்பிடி, பாலிஷ் பிரஷுக்கு மரப்பிடி ஆகியவை எங்களிடம் கடையப்பட்டன. நான் சொல்லும் பருவத்தில், ஒரு காலணி நிறுவனம் தன் பரிசுப்பெட்டியில் வைப்பதற்காக, பாலிஷ் கிரீம் நிரப்பக்கூடிய மரஜாடி கேட்டிருந்தது. நாங்கள் 'பார்ட்டி' என்று சொல்லும் அந்த நிறுவனத்தார் நேரில் வந்து பார்க்கும்போது மாதிரி பிடித்துவிட்டால் ஆர்டர் நிச்சயம்.

ஜாடியின் வெளிப்புறத்தைக் கடைவது எளிது. உட்புறம் அப்படிப்பட்டதன்று. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் ஜாடியின் வாயோடு நின்றுவிடும். உளியின் நுனியோ அதைக் கடந்து ஆழத்திற்குள் செல்ல வேண்டும். செல்லச் செல்ல, சுழலும் மரம் நுனியைக் கீழே இழுத்து உளியையே முறுக்கும். அந்த முறுக்கை எதிர்த்து நிற்பது கடைசல்காரரின் மணிக்கட்டு. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முறிந்த கிரேஸின் மணிக்கட்டில் எலும்பு கூடிவிட்டது. எழுதலாம், சமைக்கலாம், வண்டியும் ஓட்டலாம். அந்த முறுக்கைத் தாங்கும் வலிமை மட்டும் திரும்பவில்லை.

முதலாளி அன்வர் பாய் சத்தம் கேட்டு வந்தார். அவர் நல்லவர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இன்னா கிரேஸ், ஜாஸ்தி வலிக்குதா?"

"வலியே இல்ல பாய். பிடிதான் நிக்கல."

"பேஜார் ஆவாத. பேக்கிங்குக்குப் போய்டு. சம்பளம் கம்மி பண்ண மாட்டேன், போதுமா?"

"சம்பளத்த யாரு கேட்டா? பொட்டிக்கு டேப் ஒட்டவா இத்தினி வருஷம் கடைசல் கத்துக்கினேன்? பேக்கிங்ல ஒக்காந்தா நான் யாரோ. இங்க நின்னாதான் டர்னர் கிரேஸ்."

"கைக்குத்தான் கட்டு போட்டாங்க, வாய்க்குப் போடல போல" என்று சிரித்த பாய், சிறிது யோசித்துவிட்டுத் தம் தீர்ப்பைச் சொன்னார். "சரி. பார்ட்டி வர்ற அன்னிக்குக் காட்டப் போற சாம்பிள நீயே கட. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும், ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. கடஞ்சிட்டா லேத்து உன்துதான். இல்லன்னா பேக்கிங். அப்புறம் என்கிட்ட வாதாடக் கூடாது."

கிரேஸ் ஒப்புக்கொண்டார். பட்டறையின் மறுகோடியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஃபிட்டர் ஏகாம்பரம், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

2. சேராத மரை

ஏகாம்பரம் குடியாத்தத்துக்காரர், நாள்தோறும் ரயிலில் வருவார். எங்களிடம் சேருமுன் விசைத்தறிகளைப் பழுது பார்த்தவர். கடையில் விற்கும் எந்தத் துணைக்கருவியையும் அவர் இகழ்ந்து நான் கேட்டதில்லை. நன்றாகச் செய்த பொருளைக் கண்டால், செய்தவர் எந்த நாட்டவராயினும், கையில் எடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அந்த வாரம் பாய் இணையத்தில் வாங்கிய, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் வந்து சேர்ந்தது. அதுவரை நாங்கள் கட்டையை ஒரு தட்டில் ஸ்குரு முடுக்கிப் பொருத்தி வந்தோம். முடுக்குவதற்கும் கழற்றுவதற்கும் மணிக்கட்டுதான் வேலை செய்ய வேண்டும். இந்தச் சக்கிலோ ஒரு சாவியைத் திருப்பினால் நான்கு தாடைகளும் ஒன்றாக நெருங்கிக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். சாவிக்கு இடக்கையே போதும். ஆனால் எங்கள் லேத்தின் சுழல்தண்டான ஸ்பிண்டிலில் அது ஏறவில்லை. இரண்டின் திருகுமரையும் வேறு.

"திருப்பி அனுப்பிடலாம்" என்றார் பாய்.

"இருங்க பாய். பொண்ணு நல்ல பொண்ணு, மாப்ளையும் நல்லவன். நடுவுல ஒரு தரகன்தான் இல்ல" என்றார் ஏகாம்பரம்.

உள்ளே ஸ்பிண்டிலின் மரையும் வெளியே சக்கின் மரையும் கொண்ட ஓர் அடாப்டரை அவர் தெருக்கோடியில் இருந்த இரும்பு லேத்தில் தாமே கடைந்து வந்தார். முதலில் செய்த அடாப்டரைப் பொருத்திச் சக்கைச் சுழற்றியபோது கண்ணுக்கே தெரியாத அளவு ஆட்டம் இருந்தது. மர வேலைக்கு அது பெரிய குறையன்று. நானே போதும் என்றேன்.

"இந்த ஆட்டம் அந்தப் பொண்ணு கைல போய் எறங்கும் சார்" என்று சொல்லி, அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று கடைந்தார். இரண்டாவது சுழன்றபோது சக் நிற்கிறதா ஓடுகிறதா என்று ஐயுறும்படி இருந்தது.

3. இரும்புக் கை

சக் கட்டையைப் பிடிக்கும். உளியைப் பிடிப்பது யார்? அந்தக் கேள்வியோடு ஏகாம்பரம் ஒரு முற்பகல் முழுவதும் கிரேஸின் பின்னால் நின்று அவர் தோளையும் முழங்கையையும் கவனித்தார்.

"இன்னாண்ணா, கல்யாணத்துக்குச் சட்ட அளவா எடுக்கற?" என்றார் கிரேஸ்.

"சட்ட இல்லம்மா. உனக்கு ஒரு கை அளவெடுக்கறேன். தள்றதும் இழுக்கறதும் தோள்லேர்ந்து வருது, அது நல்லாகீது. முறுக்குதான் கையில நிக்கணும். அத இரும்பு பாத்துக்கட்டும்."

கழித்துப் போட்ட தறியிலிருந்து நேரான உருளைக்கம்பி ஒன்றை அவர் குடியாத்தத்திலிருந்து கொண்டுவந்தார். அதன் முன் நுனியில் சிறிய வெட்டுமுனையைப் பொருத்தினார். பின்பக்கத்தில், முன்கை நுழையும் அகலத்திற்கு ஒரு வளையத்தைத் தட்டையாகப் பற்றவைத்தார். டூல் ரெஸ்டுக்குப் பின்னால், அந்த வளையம் வரும் இடத்தில் ஒரு தாங்கியை நிறுத்தி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இரும்புப் பட்டைகளைப் படுக்கையாகப் பொருத்தினார். வளையம் அந்த இரு பட்டைகளுக்கும் இடையில் முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டிலும் அசையும், உருண்டு திரும்ப மட்டும் இயலாது. மரம் எவ்வளவு முறுக்கினாலும் அந்த விசை பட்டைகளில் போய் முட்டி அடங்கிவிடும். கடைபவர் வழிநடத்தினால் போதும்.

இத்தகைய கருவி வெளிநாடுகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் என்பதை நான் அறிவேன், ஏகாம்பரமும் அறிவார். அதன் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து, "மூளக்காரன்யா" என்று வியந்த பிறகே அவர் வெல்டிங்கைத் தொடங்கினார். ஆனால் படத்தில் இல்லாத இரண்டு செய்திகள் அவர் செய்ததில் இருந்தன. தாங்கியின் உயரம் கிரேஸின் இடுப்பை அளந்து வைத்தது. வளையத்தின் உட்புறம், அவருடைய முன்கை சாயும் இடத்தில் மட்டும், இரண்டு மடிப்புத் தோல் சுற்றியிருந்தது.

கிரேஸ் முதல் ஜாடியைக் குடைந்தார். மரச்சீவல் நாடா நாடாவாக ஜாடியின் வாயிலிருந்து வெளியே வந்து அவர் புடவையில் விழுந்தது. லேத்தை நிறுத்திய பிறகு, உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"எப்டிம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"வெண்ண மாதிரி போவுதுண்ணா. என் பழைய கையே இப்டி கடஞ்சதில்ல."

ஏகாம்பரம் அன்று முழுவதும் எவரிடமும் கோபப்படவில்லை. அது எங்கள் பட்டறையில் அரிய நிகழ்ச்சி.

4. மினுக்குப் பக்கம்

எஞ்சியது ஒரே ஒரு வேலை. ஜாடியின் அடிப்பகுதியை முடிக்க, அதைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். முடிந்த ஜாடியை இரும்புத் தாடைகளில் கொடுத்தால் தழும்பு விழும். அதற்காக மரத்தில் ஒரு கிண்ணம் கடைந்து, உள்ளே தோல் ஒட்டி, ஜாடியின் வாய்ப்பக்கத்தை அதில் இறுக்கமாகச் செருகுவது ஒரு வழி. எங்களுக்கு அது புதிது. தோல் ஒட்டும் வேலையைக் கிரேஸே எடுத்துக்கொண்டார். எங்களிடம் சேருமுன் அவர் ஷூ தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தவர். தோல் அவருக்குப் பழகிய பொருள். கழிவுத் துண்டுகளில் மிக அழகான ஒன்றைத் தேர்ந்து, பளபளக்கும் மேற்பக்கம் வெளியே தெரியும்படி, சுருக்கமே இல்லாமல் ஒட்டினார். கிண்ணம் நகைப்பெட்டி போல இருந்தது. பார்த்த அனைவரும் புகழ்ந்தோம், நானும் புகழ்ந்தேன்.

பார்ட்டி வரும் நாள் வந்தது. காலையில் கிரேஸ் கட்டையை ஏற்றினார், வெளியே கடைந்தார், உள்ளே குடைந்தார். பாய் தம் அறைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். சக்கில் கிண்ணத்தைப் பூட்டி, அதில் ஜாடியைச் செருகி, எதிர்ப்புறமிருந்து டெயில்ஸ்டாக்கின் முனையால் முட்டுக்கொடுத்து, அடிப்பகுதியைச் சீவினார் கிரேஸ். அந்த முனை அழுத்திய நடுவில் ஒரு சிறு குமிழ் எஞ்சியது. அதை நீக்க டெயில்ஸ்டாக்கை விலக்கியாக வேண்டும். விலக்கினார். உளியை வைத்தார். கிண்ணம் சுழன்றது, ஜாடி சுழலவில்லை. வழுக்கி, ஆடி, கிண்ணத்திலிருந்து குதித்துச் சீவல் குவியலில் போய் விழுந்தது.

எங்கள் எல்லோருடைய கண்ணும் அவருடைய வலக்கையின் மேல் சென்றது. பாய் பெருமூச்சு விட்டார்.

"போதும் கிரேஸ். நீ முயற்சி பண்ணிட்ட. பார்ட்டி கார்ல கெளம்பிட்டாங்களாம்."

"கை இல்ல பாய். கை நின்னுது. ஜாடிதான் நிக்கல."

"அதத்தான் நானும் பாத்தேனே."

கிரேஸ் கிண்ணத்திற்குள் கட்டைவிரலை விட்டுச் சுழற்றினார். பிறகு குனிந்து, தம் காலிலிருந்த ஷூவைக் கழற்றி, அதன் உள்ளே குதிகால் பக்கத்தைத் தடவினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று அவர் சிரித்தார்.

"அய்யோ, ஹீல் கிரிப்புண்ணா! இத எத்தினி ஆயிரம் தச்சிருப்பேன்! குதிகால் வழுக்காம இருக்கச் சதப்பக்கம்தானே உள்ள பாத்தா மாதிரி வெப்போம்? இங்க அழகு பாத்து மினுக்குப் பக்கத்த வெச்சிட்டேனே!"

உண்மைதான். ஷூவின் உள்ளே குதிகால் படும் இடத்தில் மட்டும் தோலைப் புரட்டி, சொரசொரப்பான சதைப்பக்கம் காலைத் தொடும்படி தைப்பார்கள். நடக்கும்போது குதிகாலை விடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆனால் எங்கள் ஊரில் தோலின் மேற்பக்கத்தை மறைத்து வைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. அந்தப் பளபளப்புக்காகத்தானே ஊரே உழைக்கிறது. வேறு ஊர்க் கடைசல்காரர் எவரும் இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார்.

"பிரிச்சி ஒட்டித் தரட்டா?" என்று ஏகாம்பரம் முன்னே வந்தார்.

"கிட்ட வராதண்ணா. ஒருத்தரும் கை வெக்கக் கூடாதுன்னு பாய் சொல்லிகீறாரு" என்று அவரைத் தடுத்துவிட்டு, கிரேஸ் தோலை உரித்து, புதிய துண்டைச் சதைப்பக்கம் வெளியே இருக்க ஒட்டினார். கிண்ணம் இப்போது அழுக்குச் சாக்குப் போலத் தெரிந்தது. பசை இறுகும்வரை காத்திருந்த நேரத்தில் பாய் வாசலுக்கும் லேத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

சீவலில் விழுந்ததால் அடிபடாதிருந்த அதே ஜாடியைச் செருகி, முட்டுக்கொடுத்து, பிறகு டெயில்ஸ்டாக்கை விலக்கினார். உளியை வைத்தார். ஜாடி கிண்ணத்தோடு ஒன்றாகச் சுழன்றது. குமிழ் மெல்லிய சீவலாகக் கழன்று விழுந்தது.

சிறிது நேரத்தில் வந்த பார்ட்டி, ஜாடியைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்து அடிப்பகுதியைத்தான் பார்த்தார். "எங்க புடிச்சிக் கடஞ்சீங்கன்னே தெரியல. ஒரு தழும்பும் இல்லையே" என்றார். பாய் கிரேஸைப் பார்த்து, "டர்னர் நிக்கறாங்க, அவங்களயே கேளுங்க" என்றார்.

5. பின்பு

ஆர்டர் கிடைத்தது. பாய் மகிழ்ச்சியில், அதே வகைக் குடைவுத் தாங்கி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அது சிறந்த கருவி. வெட்டும் ஆழத்தை ஒளிப்புள்ளியால் காட்டக்கூடியது. இன்று பட்டறையில் மற்றவர்கள் அதில்தான் கடைகிறார்கள். ஏகாம்பரமும் அதைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பாகத்தையும் பாராட்டி, மீண்டும் பூட்டினார்.

கிரேஸும் அதில் ஒரு ஜாடி கடைந்து பார்த்தார். பிறகு தம் பழைய இரும்பு வளையத்திற்கே திரும்பிவிட்டார். புதியதில் குறை என்ன என்று நான் கேட்டேன்.

"கொற ஒண்ணும் இல்ல சார். நல்லா செஞ்சிகீறான். ஆனா அவன் என்னப் பாத்ததில்லியே."

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஆயத்தமாக வரும் கருவியை மதித்து வாங்குங்கள். அதில் பலருடைய அறிவு இருக்கிறது. ஆனால் அதை லேத்தில் பூட்டுவதற்கு முன்பு, அதன் எதிரே நின்று கடையப்போகிறவரின் பின்னால் ஒரு முற்பகலாவது நின்று பாருங்கள்.