ஏற்புரைக்கு நேரமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு நாவல் வெளியீடு. காலி வீதியில், புடவைக்கடை ஒன்றுக்கு மேலே உள்ள மண்டபம்.

எழுதியவர் நாகேந்திரம் அண்ணை. கொட்டாஞ்சேனையில் நான் ஒரு அறையில் ஒண்டியிருக்கும் வீட்டின் முன்பகுதியில் குடியிருப்பவர். கம்பனி ஒன்றில் கிளாக்கர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெமட்டகொடை ரயில் யார்ட், பேலியகொடை மீன் சந்தை என்று அலைந்தவன். எனக்கு இலக்கியக் கூட்டத்தில் என்ன வேலை? அண்ணையின் மனைவி மனோ அக்கா வரச் சொன்னார். போனேன்.

பஸ்ஸில் போகும்போதே அக்கா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. முன் சீட்டில் இருப்பவன் காதைக் கழற்றியா வைக்கமுடியும்?

“ஊருக்கெல்லாம் புத்தகம் குடுக்கிறியள். எனக்கு ஒரு வசனம் தாங்கோ. ஏற்புரையில சொல்லுங்கோ. இண்டைக்கும் சொல்லாட்டி நான் நாளைக்கே வவுனியாவுக்குத் தங்கச்சியிட்டப் போறன். திரும்பி வரமாட்டன்.”

அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

என்ன வசனம்? சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். ஆறு வயது. போன வருஷம் ஒரு பின்னேரம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அதே நேரம் எங்கள் ஒழுங்கையில் ரவுண்ட்-அப், ராணுவம் வீடு வீடாகச் சோதனை. யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடு அப்போது வெளியே இறங்கினவன் திரும்பி வருவானா என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அண்ணை கதவைப் பூட்டி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார். “அவங்கள் போகட்டும்” என்றாராம். அவங்கள் போக விடிந்துவிட்டது. பிள்ளையும் போய்விட்டான். நான் மீன் லொறியோடு ஊர் சுற்றிவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அண்ணை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா கேட்டது அந்த ஒரு வசனத்தைத்தான். நாவல் எழுதினார். முந்நூறு பக்கம். ஒரு கோட்டை... வெளியே சண்டை... உள்ளே ஒரு காவல்காரன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவன் திறக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

கூட்டத்தில் முதலில் பேசியவர் மேசையில் தட்டினார். “இது எந்தக் கோட்டை? காவல்காரன் எந்தப் பக்கம்? ஆசிரியர் நழுவுகிறார்!”

“ஐசே, நழுவாமல் எழுதினால் நாளைக்கு அவரை உள்ளுக்கதான் போய்ப் பாக்கவேணும்” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. சிரிப்பு.

பிறகு மதிப்புரை சொல்ல வந்த பேராசிரியர் எழுந்தார். “இது துப்பாக்கிச் சண்டையே அல்ல. மனித மனத்துக்குள் நடக்கும் போரின் படிமம்” என்றார். நல்ல கைதட்டல்.

மனிதர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் எந்த மனிதன்? யாருடைய மனம்? அதை ஒருவரும் கேட்கவில்லை. அந்த மனம் பேராசிரியருக்குப் பக்கத்துக் கதிரையில் வியர்த்துக்கொண்டு இருந்தது. கடைசி வரிசையில் அக்கா கைதட்டாமல் இருந்தார்.

இந்தக் காலத்துக் கொழும்புக் கூட்டங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இருட்டுமுன் எல்லோரும் செக்பொயின்ற் தாண்டி வீடு சேரவேண்டும். எதையாவது வெட்டத்தான் வேண்டும். தலைமையுரையில் கைவைத்தால் தலைவர் கோபிப்பார். மதிப்புரையில் கைவைத்தால் பேராசிரியர் கோபிப்பார். மிச்சம் ஏற்புரை — புத்தகம் எழுதியவனுடைய பேச்சு. அதைத்தான் வெட்டுவார்கள்.

“அண்ணை, ரெண்டு நிமிஷம். சனம் எழும்பத் தொடங்கிட்டுது” என்றார் தலைவர்.

அண்ணை மைக்கைப் பிடித்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். ஒரு வசனத்துக்கு இரண்டு நிமிஷம் தாராளம், இல்லையா?

“வந்த எல்லாருக்கும்... தேத்தண்ணி தந்த கடைக்கும்... நன்றி.”

அக்கா எழுந்து படியிறங்கிப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தனியாக, முன்னால் ஒரு சீட்டில். அண்ணையும் நானும் பின்னால். விற்காத புத்தகங்கள் அவர் மடியில், பையோடு. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் பக்கத்தில் ஒரு வரிசை.

பையைத் திறந்த ராணுவப் பையனுக்கு மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. புத்தகம் ஒன்றை எடுத்து அட்டையைப் பார்த்தான். அட்டையில் மூடிய கதவு, அதன் முன்னால் துப்பாக்கியோடு ஒருவன். ஓவியருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

“மொகத மே? யுத்தய கெனத?” என்றான். என்ன இது, யுத்தத்தைப் பற்றியா?

நான் சந்தைச் சிங்களத்தில் “காதல் கதை, சேர்” என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை முந்திக்கொண்டார். துண்டு துண்டான சிங்களத்தில், ஆனால் சத்தமாக.

“யுத்தம் இல்லை. வீடு. என் மகன். காய்ச்சல். வெளியே நீங்கள். எனக்குப் பயம். நான் கதவு திறக்கவில்லை. மகன் செத்தான்.”

படிமம் செய்யுமளவுக்கு அவரிடம் சிங்களம் இல்லை.

பையன் அட்டையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். எத்தனை வயது என்று கேட்டான். ஆறு என்றார். புத்தகத்தைப் பையில் வைத்து, பையைத் தானே மூடிக் கொடுத்தான்.

“யன்ன.”

போ என்கிறான். அண்ணை அசையவில்லை. பெண்கள் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அதில் அக்காவும் அசையாமல் நின்றார்.

எல்லோரும் ஏறினோம். அக்கா முன்சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் வந்து என்னைப் பார்த்தார். நான் எழும்பி இடம் கொடுத்தேன். பஸ் கிளம்பியது.

“அந்தத் தம்பிக்குச் சொன்னதை எனக்குத் தமிழில சொல்லுங்கோ.”

அண்ணை வாய் திறந்தார். நான் நெரிசலைப் பிளந்துகொண்டு முன்பக்கம் போய், டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சில ஏற்புரைகளுக்குச் சபை கலைந்திருக்கவேண்டும்.