பேரையூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையும் பதினெட்டு நாள் கன்றும்

மே மாத நடுவில் யாரும் பேரையூர்ப் பக்கம் சுற்றுலா போவதில்லை. நான் போனேன். ஆனையூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் சேகர், அங்கே ஒரு கிராமத்தில் இருக்கும் தன் தங்கை வசந்தாவின் மாட்டுக்குப் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார். அதை நான் பார்க்க வேண்டும், முடிந்தால் எழுதவும் வேண்டும் என்பது அவர் ஆசை.

ஐந்தரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பியது எட்டு நாற்பதுக்கு. சேகரின் இருசக்கர வாகனத்தில் இருவருமாக 61 கிலோமீட்டர், பெட்ரோல் 250 ரூபாய். திருமங்கலத்தில் இரண்டு இளநீர், 120 ரூபாய். அதைத் தாண்டினால் சாலையோரம் சீமைக்கருவேலம்தான். அதன் நிழலில் ஒதுங்க நினைப்பவர்கள் முதலில் முள்ளோடு பேசி முடிக்க வேண்டும்.

பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். கொட்டகை வெயிலில் பளபளத்தது. அந்த இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்ததாம். மாட்டுக்கு நிழல் போட இடைஞ்சலாக இருந்ததால் அதை வெட்டிவிட்டார்கள்.

உள்ளே பதினெட்டு நாள் கிடாரிக் கன்று நின்றுகொண்டிருந்தது. வசந்தாவுக்கு அதைப் பற்றி ஒரே பெருமை.

“எம்புட்டு சாதுவா நிக்குது பாருங்கண்ணே. பொறந்த வாரம் கவுத்த அவுத்தா தெருவையே சுத்திட்டு வரும். கொட்டகைக்கு வந்ததுல இருந்து துள்ளலே இல்ல.”

அது படுக்கவில்லை. கழுத்தை நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து, எச்சில் ஒழுக நின்றது. காது தொங்கியிருந்தது. காலையில் பாதிப் பாலோடு மடியை விட்டுவிட்டதாம். விலாவைப் பார்த்து மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் தொண்ணூறைத் தாண்டியது. நிழலில் கிடக்கும் கன்று அதில் பாதிகூட விடாது. இது சாது இல்லை, வெக்கை என்றேன். தண்ணீர் வைத்தீர்களா என்றும் கேட்டேன்.

“பால் குடிக்கிற கன்னுக்குத் தண்ணி எதுக்குண்ணே? கழிஞ்சுரும்.”

“விட்டா கன்னுக்கு ஏசி கேப்பாரு போல” என்றார் சேகர்.

வசந்தாவைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் ஒரு கன்று கழிச்சலில் செத்திருக்கிறது. கணவர் திருப்பூரில். வீட்டை நடத்துவது இந்த ஒரு மாட்டின் பால். கன்று முட்டாமல் அந்த மாடு பால் சுரக்காது. நான் வாளியை நீட்டியதும் கன்று மூக்குவரை முகத்தை முக்கிக் குடித்தது. நாலு மடக்கு போனதும் அவர் பயந்து வாளியை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுச் சுவரோரம் நல்ல நிழல். பகலில் அங்கே கட்டலாமே என்றேன்.

சேகரின் முகம் மாறியது. “நாப்பத்தெட்டாயிரம் போட்டுக் கொட்டகை கட்டிட்டு அடுத்தவன் செவுத்துல கட்டணுமாண்ணே?”

நான் அவர் வண்டியில் வந்தவன், அவர் தங்கை வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டவன். கொட்டகை உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். மூன்றரைக்குக் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் கன்று செத்தது. கண் பட்டுவிட்டது என்றார் சேகர். விலாவை ஒரு நிமிடம் முறைத்தது நான்தான் என்பதால் மறுக்கவும் வழியில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஆறு மணிக்குள் திருமங்கலத்தைத் தாண்டுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். கன்று வாங்கப் போனால் விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பாருங்கள். காலையில் துள்ளுவது மதியம் சாமியார் போல நின்றால் குணத்தை மெச்சாமல் நிழலைத் தேடுங்கள். பால் குடித்தாலும் பக்கத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். எதைச் சொல்வதாக இருந்தாலும் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இலையில் உட்கார்ந்த பிறகு உண்மை பேசிய விருந்தாளியை நான் பார்த்ததில்லை.

போன வாரம் சேகர் ஒரு படம் அனுப்பினார். கன்றின் தோலில் உப்புத் தடவி வைக்கோல் அடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் கொடுக்கிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பி, பக்கவாட்டில் ஈரச்சாக்கு தொங்கவிட்டிருக்கிறார்கள். வெக்கை பட்டால் தோல் கெட்டுப்போகுமாம்.