ஐந்து எண்ணும் நேரம்

பள்ளிக்கூடத் தொலைக்காட்சியில் கணக்குப் பாடம் எடுப்பவளைத் தெருவே 'டி.வி. டீச்சர்' என்றுதான் கூப்பிடும். பத்தொன்பது வருஷமாக, எதிரே ஒரு பிள்ளைகூட இல்லாமல் கேமராவைப் பார்த்தே பாடம் எடுத்துவந்தாள். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரித்த முகமாக நின்று, முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கி ஐந்து வரை எண்ணுவாள். எங்கோ ஒரு கடைசி பெஞ்சுப் பிள்ளை யோசித்துச் சொல்ல அவ்வளவு நேரமாவது வேண்டாமா? எண்ணி முடித்ததும், "சரியாச் சொன்னீங்க!" என்பாள். என்ன சொன்னார்கள் என்று அவள் கண்டாளா!

அந்த வாய் வீட்டிலும் சும்மா இருக்காது. "அடுப்புல பால் பொங்குதுடி" என்று கணவர் கத்தினாலும் "சரியாச் சொன்னீங்க" என்றுதான் வரும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அதெல்லாம் பக்கவாதம் வருவதற்கு முன்பு. இந்த நாலு மாதமாக அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

புது அதிகாரி, பாடங்களை எல்லாம் இருபது நிமிஷத்துக்குள் சுருக்கச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், நீங்க சும்மா நிக்கிற இடத்தையெல்லாம் வெட்டச் சொல்லிட்டாரு" என்றாள் எடிட்டர்.

"சும்மா நிக்கலம்மா. அது பிள்ளைங்க பேசுற நேரம்."

அன்று அதிகாரியின் அறைக்கு மூன்று தடவை படியேறினாள். "அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்குதா?" என்றார் அவர். கேட்காதுதான். அதோடு பேச்சு முடிந்தது.

சாயங்காலம் வெட்டிய பாடத்தைப் போட்டுக் காட்டினார்கள். மூச்சுவிடாமல் அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். கணவர் நாற்காலியில் இருந்தார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள், செருப்பைக் கழற்றியபடி. அவர் உதடு அசையத் தொடங்கியது. "எங்க போட்டிருப்பீங்க!" என்று அவளே மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள்.

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏங்க, என் உசிரை வாங்காதீங்க. இன்னிக்கு முடியல எனக்கு."

அவர் வாதம் தாக்காத கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார்.

"அஞ்சு மணிக்கா?"

இல்லை என்று தலையாட்டினார். அந்தக் கையை மெல்ல முதுகுப் பக்கம் கொண்டுபோய், ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. முகம் தெரியாத பிள்ளைகளுக்காகக் காலையிலிருந்து மல்லுக்கு நின்றவள், இந்த மனுஷனை நாலு மாதமாக வாய் திறக்க விடவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் எதிரில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணினாள். ஐந்து முடிந்தது. நிறுத்தவில்லை. பத்தும் தாண்டியது. பதின்மூன்றில் வந்தது.

"போட்... டுட்... டேன்."

வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அவளுக்கு வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.