தண்டவாளத்தால் வகுத்த ஊர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், தங்கச்சியின் கைடு, துறைத் தலைவர் அம்மா, ஆராய்ச்சி மாணவர்கள் நாலு பேர், வருகைத்தாளைச் சுற்றவிட்ட ஆபீஸ்காரர், போர்டுக்குப் பக்கத்தில் தங்கச்சி, கடைசி பெஞ்சில் நான். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. வேர்த்துக் கொட்ட வீட்டுக்கு ஒருத்தர் போதும்.

பி.எச்டி. முடிக்கிறவர்கள் கடைசியில் எல்லார் முன்னாலும் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வைவா என்பார்கள். தேறிவிட்டால் ஒரு காலேஜில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். திருத்தி எழுது என்று அனுப்பிவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். எனக்கு ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதுக்கு முந்தின மாசம் பூராவும் அவளுடைய கணக்கு ஆராய்ச்சிக்கு நான்தான் தேர்வாளர். பாடியில் லேத் பட்டறை ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் வீட்டுக்கு வந்து கை கழுவுவதற்குள் ஆரம்பிப்பாள். "ஒன்பதாவதோட நின்ன உனக்கே புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பாள்.

"கோஷன்ட்னா வகுக்கறதுதாண்ணே. ஒரு இடத்த வகுக்கறோம்."

"இடத்த எதால வகுப்ப?"

"தண்டவாளத்தால. ஸ்டேஷன்தான் பூஜ்ஜியம்னு வெச்சுக்க. தண்டவாளம் நேரா, ரெண்டு பக்கமும் முடிவில்லாம போகுது. அது போற திசையில நீ எவ்ளோ நகர்ந்தாலும் நான் கண்டுக்க மாட்டேன். நம்ம ஊடும், அதே பக்கம் தண்டவாளத்துக்கு இதே தூரத்துல ஆவடில கீற ஊடும் எனக்கு ஒண்ணுதான். எல்லாம் ஒரே கும்பல்."

"ஒண்ணா? அப்ப வாடகையும் ஒண்ணுதான்னு ஊட்டுக்காரன்கிட்ட யாரு சொல்றது?"

"அது வேற செமிநார்ம்" என்று சிரித்தாள். செமிநார்ம் என்றால் அளவாம். அவள் கணக்கில் வருகிற இடங்களில் அளவு ஒன்றில்லை, நிறைய. ஒரு அளவுக்குப் பூஜ்ஜியமாகத் தெரிகிறது இன்னொன்றுக்கு அப்படித் தெரியாது.

"சரி, கும்பலுக்கு மொத்தமா இன்னா அளவு?"

"கும்பல்ல ஒவ்வொருத்தரும் ஸ்டேஷன்லேர்ந்து எவ்ளோ தூரம்னு பாரு. அது எதுக்குக் கீழ எறங்காதோ, அதான் கும்பலோட அளவு."

"அப்ப ஸ்டேஷனுக்கு நேர் எதிர்க்க கீற ஊட்டோட தூரம்."

"இந்தப் படத்துல அப்படித்தான்."

எனக்குப் புரிந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதை வைவாவில் கட்டாயம் போடு, விட்டுவிடாதே என்று நச்சரித்தேன். தினமும் சொன்னேன். ஷிப்டில் இருந்து போன் பண்ணியும் சொன்னேன்.

வைவாவில் இங்கிலீஷில்தான் பேசினாள். நான் தண்ணி பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நடுவில் போர்டில் ஒரு கோடு, அதுக்கு இணையாக இன்னொரு கோடு, அதில் ஒரு புள்ளி போட்டாள். நம்ம தண்டவாளம். எனக்கு உயிர் வந்தது. உடனே தேர்வாளர் கையைத் தூக்கி அந்தப் புள்ளியைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவப் பையனைக் கிள்ளினேன். "இன்னாபா கேக்குறாரு?"

"கும்பல்ல பூஜ்ஜியத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கற ஆளுன்னு ஒரு புள்ளிய எடுத்துட்டாங்கண்ணே. அப்படி ஒரு ஆளு இருக்கான்னு யார் சொன்னதுன்னு கேக்கறார். படத்துல இருப்பான். இவங்க இடத்துல கிட்ட கிட்ட போய்க்கினே இருக்கலாம், கடைசி ஆளுன்னு ஒருத்தன் இல்லாமலே போகலாம்."

அந்தப் புள்ளி நான் நச்சரித்து உள்ளே நுழைத்த புள்ளி. என்னிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அதுவே பழகிப்போயிருக்கிறது. கைடு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போகலாமா என்று பார்த்தேன். கதவு போர்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் டஸ்டரை எடுத்துப் புள்ளியை அழித்தாள். கீழே ரெண்டு வரி எழுதினாள். தேர்வாளர் தலையாட்டினார்.

"இன்னாபா?"

"அந்தக் கடைசி ஆளே வேணாம்ணே. கும்பலோட அளவு ஒண்ணுக்குக் கீழன்னா, தன் அளவும் ஒண்ணுக்குக் கீழ இருக்கற ஆளு ஒருத்தனாவது கும்பல்ல இருந்தே தீரணும். இல்லாட்டி அளவு ஒண்ணுக்குக் கீழ எறங்கியிருக்காது. அவன் ஒருத்தன் போதும்னுட்டாங்க. நிரூபணம் நிக்குது."

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் எழுந்து படித்தார். கைதட்டினார்கள். நான் லேட்டாகத் தட்டினேன்.

அப்புறம் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "டிபன் வரலியாண்ணே?" என்றான் பையன். வைவா முடிந்தால் வீட்டுக்காரர்கள்தான் டிபன் தருவது வழக்கம். ரிசல்ட்டுக்கு முன்னாடி ஆர்டர் கொடுத்தால் ஆகாது என்று நான் எங்கேயும் சொல்லி வைக்கவில்லை. தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போண்ணே, டாக்டர் சொல்றேன்."

ரோட்டைத் தாண்டி ஓடினேன். அந்த ஓட்டலில் பொங்கல், வடை, கேசரி, பத்துப் பேருக்கு எண்ணூற்று அறுபது ரூபாய். பையில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. போனில் பணம் அனுப்ப எனக்குப் பயம், அந்த ஆப்பை வைத்துக்கொள்வதே இல்லை. கல்லாக்காரர், "யாருக்கு பாஸு?" என்றார். தங்கச்சிக்கு என்றேன். "எட்த்துகினு போ நைனா, அப்பால குடு" என்றார். அதுக்கப்புறம் ரெண்டு தடவை போனேன், கடை பூட்டிக் கிடக்கிறது. அவருக்கு உடம்புக்கு ஏதாவதோ, கடையையே காலி பண்ணிவிட்டாரோ, கேட்கவும் ஆளில்லை. முந்நூற்று அறுபது ரூபாய் பாக்கி.