இரண்டாவது விடை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ‘கோ’ என்ற கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டத்துக்குப் புதிர் போடுபவர். வெள்ளை வளைத்துக்கொண்ட கறுப்பு பிழைக்க, அடுத்த காயை வைப்பதற்கு ஒரே இடம்தான் இருக்கவேண்டும். இரண்டாவது விடை கிடைத்தால் புதிர் குப்பைக்கு. அதைக் கண்டுபிடித்து அவர் மூக்கை உடைப்பது மனைவியின் வேலை.

மச்சினனைத் தண்டச்சோறு என்று சொல்லப்போய், நான்கு நாளாக வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு புதிரை வரைந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கடந்து போனாள். வாய் சும்மா இருக்குமா? திரும்பி வந்தாள்.

“மூலையில வெச்சாலும் பிழைக்குதே.”

“அப்படியா? கவனிக்கல.”

“இவ்வளவு மட்டமா தப்புப் பண்ண உங்களுக்கு வராது. வேணும்னே போட்டிருக்கீங்க.” போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். “தம்பிகிட்ட பேசுங்க. இதுக்கு ஒரே விடைதான்.”